எம்.டி.ஏ. அளவு கூடினால் எம்.எஸ். முற்றிவிட்டதா?

எம்.எஸ். எனப்படும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (நரம்பிழைகளின் உறை சிதையும் நோய்) உள்ள உங்கள் தங்கையின் இரத்தத்தில் எம்.டி.ஏ., அதாவது மலோன்டையால்டிஹைடு (கொழுப்பு ஆக்சிஜனேற்றமடைந்து சிதையும்போது உண்டாகும் சேர்மம்) கூடியிருப்பதால் நோய் முற்றிவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். அதை மட்டும் வைத்து அப்படிக் கொள்ள முடியாது. நோயின் போக்கை நரம்பியல் மருத்துவரின் பரிசோதனையையும் எம்.ஆர்.ஐ.யையும் கொண்டே கணிக்கிறார்கள். ஆக்சிஜனேற்ற அழுத்தத்துக்கு (வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் மிகுந்து செல்களைச் சிதைப்பது; எம்.டி.ஏ. அதன் அடையாளம்) இந்நோயில் பங்குண்டு என்பது உண்மையே; ஆனால் சிதைவு நிகழ்வது மூளையிலும் தண்டுவடத்திலும், நீங்கள் அளந்ததோ கையில் எடுத்த இரத்தம்.

என் ஐயமெல்லாம் மாதிரியின் மீதுதான். தண்டையார்பேட்டையில் எடுத்த இரத்தம் மே மாத வெயிலில் வேறொரு ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் சிவப்பணுக்கள் உடைந்திருந்தாலே இந்த அளவு ஏறிவிடக்கூடும். பிளாஸ்மாவை (இரத்தத்தின் நீர்ப்பகுதியை) எவ்வளவு நேரத்தில் பிரித்தார்கள், எந்த முறையில் அளந்தார்கள் என்று கேளுங்கள். தயோபார்பிட்யூரிக் அமில முறையெனில் அது வேறு சேர்மங்களையும் சேர்த்தே காட்டும்.

இதற்காக பயோட்டின் (வைட்டமின் பி7) மாத்திரையை அதிக அளவில் தொடங்க வேண்டாம். அது தைராய்டு பரிசோதனை முடிவைப் பிழையாக்கக்கூடும். பார்வை மங்கலோ மரத்துப்போதலோ புதிதாகத் தோன்றி ஒரு நாளைத் தாண்டினால், மறுபரிசோதனைக்குக் காத்திராமல் ஸ்டான்லி மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.