வாசலில் நிறுத்தப்படும் மாணவன்

கேள்வி: என் மகன் பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். பிரசவ வார்டில் பயிற்சிக்குப் போனால் வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்களாம். ஊரிலும் 'பொம்பளைப் படிப்பு' என்று பேசுகிறார்கள். படிப்பை நிறுத்திவிட்டு வளைகுடாவுக்கு அனுப்பிவிடலாமா?
– ஒரு தந்தை, தங்கச்சிமடம்.

பதில்: அனுப்ப வேண்டாம், ஐயா. இன்று போனால் கூலியாளாகத்தான் போவார். பட்டமும் செவிலியர் பதிவும் அனுபவமும் பெற்று, அந்நாட்டு உரிமத் தேர்வையும் எழுதிப் போனால் செவிலியராகவே போகலாம்.

அவசரத்தில் ஆண் மருத்துவர் வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்தால் கையெடுத்துக் கும்பிடும் நம் ஊர், அதே அறையில் நாடி பார்க்க நிற்கும் ஆண் செவிலியரை மட்டும் ஏன் கூச்சத்தோடு பார்க்க வேண்டும்? பிரசவிக்கும் தாய் வேண்டாம் என்றால் மாணவன் விலகத்தான் வேண்டும். அது அவளது உரிமை. ஆனால் அவளைக் கேட்காமலேயே மாணவனை வெளியே நிறுத்திவிட்டு, மகப்பேறு செவிலியத்தைக் கட்டாயப் பாடமாக வைத்துத் தேர்வும் நடத்துவது அநீதி.

உங்கள் ஊரிலிருந்து வெகுதூரமில்லாத ஏர்வாடியை நினைத்துப் பாருங்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று தனியார் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்ப வழியின்றிக் கருகி மாண்டனர். சங்கிலிக்குப் பதிலாக அங்கே இருந்திருக்க வேண்டியவர்கள், இரவெல்லாம் விழித்திருந்து நோயாளியிடம் பேசத் தெரிந்த, பயிற்சி பெற்ற செவிலியர்களே. அந்தப் பணியில் ஆண்களும் வேண்டும். முரண்டு பிடிப்பவரை அமுக்கிப் பிடிக்கத்தான் ஆண் செவிலியர் என்று நினைப்பதும் பிழைதான். படுக்கையில் விழுந்த கடலோடி ஒருவர், தம்மைக் குளிப்பாட்டவும் சிறுநீர்க் குழாய் மாற்றவும் வருபவர் ஓர் ஆணாக இருந்தால் சங்கடமின்றி உடம்பைக் காட்டுவார்.

வேலை வாய்ப்பில் தடை இருப்பது உண்மை. எய்ம்ஸ் மருத்துவமனைகளின் செவிலியர் நியமனத்தில் 80 விழுக்காடு பெண்களுக்கு, 20 விழுக்காடு ஆண்களுக்கு என்று 2019-இல் முடிவு செய்தார்கள். இராணுவச் செவிலியர் பணிக்கான 1943-ஆம் ஆண்டு அவசரச் சட்டம் பெண்களை மனத்தில் வைத்தே எழுதப்பட்டது. இவை மாற வேண்டிய விதிகள். இவற்றுக்காக உங்கள் மகன் படிப்பை விட வேண்டியதில்லை.

இந்த வாரமே அவர் கல்லூரி முதல்வருக்கு எழுத்துமூலம் விண்ணப்பிக்கட்டும்: தாயின் சம்மதம் கேட்கப்பட வேண்டும், பெண் செவிலியர் ஒருவர் உடனிருக்கத் தாம் பயிற்சி பெற வேண்டும், பார்த்த பிரசவங்கள் பதிவேட்டில் ஏற வேண்டும் என்று. அந்தக் கடிதத்தில் மகனின் பெயருக்குக் கீழே நீங்களும் கையொப்பமிடுங்கள்.