கக்கன் எளிமையானவர் என்கிறார்கள், சரி. அமைச்சராக அவர் என்ன செய்தார்?

இதைக் கேட்க ஓர் ஆள் வந்தாரே என்றிருக்கிறது. எனக்கு மேலூர்ப் பக்கம். கக்கன் பிறந்த தும்பைப்பட்டி எங்களுக்குத் தூரமில்லை. ஆண்டுதோறும் டிசம்பர் 23, அவர் நினைவு நாளன்று, அரசு மருத்துவமனையில் தரையில் பாய் விரித்துப் படுத்திருந்த முன்னாள் அமைச்சரைக் கண்டு எம்.ஜி.ஆர். பதறிய கதை வாட்ஸ்அப்பில் வந்துவிடும். கதையில் குறையில்லை. பத்து ஆண்டுகள் அமைச்சராக இருந்த மனிதரை அந்தப் பாய்க்குள்ளேயே சுருட்டி வைத்துவிட்டார்களே என்பதுதான் என் ஆற்றாமை.

1957 ஏப்ரலில் காமராஜர் அவருக்குப் பொதுப்பணித் துறையைக் கொடுத்தார். அரசியல் நிர்ணய சபையிலும், 1952 முதல் மக்களவையிலும் இருந்துவிட்டு வந்தவர். பொதுப்பணித் துறை என்றால் எங்கள் பக்கத்தில் தண்ணீர் என்று பொருள். வைகை அணை 1959 ஜனவரியில் திறக்கப்பட்டது. வேலை அவர் வருமுன்பே தொடங்கியதுதான். முழுப் பெருமையையும் அவருக்கே கொடுக்க மாட்டேன். ஆனால் அதை முடித்துக் கொடுத்தது அவர் துறை. மலையைக் குடைந்து வரும் பெரியாற்றுத் தண்ணீரை 71 அடி வரை தேக்கி, வேண்டியபோது திறந்துவிட வழி பிறந்தது அந்த அணையால். பெரியாற்றுக் கால்வாயில் பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை இருபோகம், அதற்குக் கீழே மேலூர் ஒருபோகம். வைகையில் இன்று எத்தனை அடி என்று செய்தித்தாளில் முதலில் தேடுகிற வீடு எங்களுடையது. கடைமடைக்காரனுக்கு அது ராசிபலனைவிட முக்கியம்.

1962இல் வேளாண்மைத் துறை. 1963 அக்டோபரில், பக்தவத்சலம் முதல்வரானபோது, உள்துறை. 1939 ஜூலை 8 அன்று மதுரைக் காங்கிரஸ் தலைவர் வைத்தியநாதய்யர் முன்னே நடக்க, மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்த சிலரில் கக்கனும் ஒருவர். கோயில் படியை மிதிக்கவே போராட வேண்டியிருந்த சமூகத்தில் பிறந்தவருக்கு, 24 ஆண்டுகள் கழித்து மாநிலப் போலீஸ் முழுவதும் சல்யூட் வைத்தது. பாய்க் கதையைவிட எனக்கு இதுதான் பெரிது. லஞ்ச ஒழிப்புத் துறை 1964இல் தொடங்கப்பட்டதும் அவர் உள்துறையில் இருந்த காலத்தில்தான்.

வாட்ஸ்அப்பில் வராத பகுதி ஒன்றும் உண்டு. 1965 ஜனவரி 25 அன்று மதுரையில் இந்தி எதிர்ப்பு மாணவர் ஊர்வலத்தில் மோதல் வெடித்தது. இரண்டு நாளில் சிதம்பரத்தில் ராஜேந்திரன் என்ற மாணவர் போலீஸ் குண்டுக்குப் பலியானார். ஊர் ஊராகத் துப்பாக்கிச் சூடு; ராணுவமும் வந்தது. முதல்வரின் பிடிவாதம் முதல் காரணம் என்று நானும் நினைக்கிறேன். ஆனாலும் அந்தப் போலீஸ் கக்கனின் துறை. டெல்லியில் மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் அளகேசனும் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார்கள். இங்கே உள்துறை அமைச்சர் 1967 வரை பதவியில் தொடர்ந்தார். கை சுத்தமானவர் என்பதற்காக இதை மறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை.

1967இல் மேலூர் தெற்கில் தி.மு.க.வின் ஓ.பி. ராமனிடம் தோற்றார். என் தாத்தா அதுவரை காங்கிரஸின் இரட்டைக் காளைச் சின்னத்தைத் தாண்டாதவர். கக்கனைப் பற்றி ஒருவர் குறை சொன்னால் சண்டைக்கே போவார். அந்த ஒரு முறை உதயசூரியனில் முத்திரை குத்திவிட்டு வந்தாராம். ஏன் தாத்தா, இந்திப் பிரச்சினையா என்று பள்ளி நாட்களில் கேட்டிருக்கிறேன். "அதெல்லாம் படித்த பிள்ளைகளுக்கு. அந்த வருடம் வீட்டில் அரிசி இல்லை. அவர்கள் ரூபாய்க்கு மூன்று படி போடுகிறேன் என்றார்கள்" என்றார். பிறகு நெடுநேரம் வேறு எதுவும் பேசவில்லை.