வௌவால் கடித்த வாதாம்பழம்: மரத்தை வெட்டலாமா?

சகோ, அல்சூர் வீட்டு வாசலில் நிற்கும் வாதாமரத்துக்கு ராத்திரி வௌவால் வருகிறது, நிபா பயத்தில் மரத்தை வெட்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வெட்டாதீர்கள்.

நிபா பழந்தின்னி வௌவாலிடம் இருக்கும் வைரஸ்தான், மறுக்கவில்லை. ஆனால் எல்லா வௌவாலிடமும் இருக்காது. இருந்தாலும் அதன் எச்சிலோ சிறுநீரோ பட்டதைச் சாப்பிட்டால், தொற்றுள்ள விலங்கைத் தொட்டால், இல்லையென்றால் நோயாளியை நெருங்கிக் கவனித்தால்தான் பெரும்பாலும் தொற்றும். 2018-ல் கோழிக்கோட்டில் பெரும்பாலோருக்கு ஆஸ்பத்திரியில்தான் தொற்றியது. மலேசியாவில் 1998-ல் கதை வேறு: பழமரங்களை ஒட்டிப் பன்றிப் பண்ணை. வௌவால் போட்ட மிச்சத்தைப் பன்றி தின்று, பன்றியிடமிருந்து மனிதருக்கு வந்தது என்கிறார்கள்.

எங்கள் வீட்டிலும் இதே தொல்லைதான். காலையில் ஸ்கூட்டர் சீட்டில் பல் பதிந்த சிவப்புத் தோலும் சக்கையும் கிடக்கும். கையுறை போட்டு எடுத்துவிட்டு, சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறோம். பிள்ளைகள் கொட்டை உடைத்துத் தின்னப் பொறுக்குவார்கள் (நானும் சின்ன வயதில் தின்றவன்தான்), அதை மட்டும் கண்டிப்பாக நிறுத்துங்கள். மொட்டைமாடித் தொட்டிக்கு மூடி இருக்கிறதா? அதையும் பாருங்கள்.

அப்புறம், பட்டாசு வெடித்து விரட்ட வேண்டாம். மிரண்ட கூட்டம் பக்கத்து வீட்டு மரத்துக்குப் போகும், அவ்வளவுதான். கீழே விழுந்து கிடக்கும் வௌவாலை வெறுங்கையால் தொடவே தொடாதீர்கள்.