வாசிலோபிட்டா: கிரேக்கர்களின் புத்தாண்டு கேக் பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: கிறிஸ்துமஸுக்குக் கேக் வெட்டுவதுதானே வழக்கம்? கிரேக்கர்கள் ஏன் ஜனவரி 1 வரை காத்திருக்கிறார்கள்?

கிறிஸ்துமஸுக்கு அவர்களிடம் வேறு பலகாரங்கள் உண்டு. ஜனவரி 1 புனித பசிலியாரின் திருநாள். கிரேக்க மொழியில் அவர் வாசிலிஸ். அவர் பெயரில்தான் இந்தக் கேக். இன்று துருக்கியில் கைசேரி என்று இருக்கும் செசரியாவின் ஆயராக இருந்து 379-இல் மறைந்தவர். கிரேக்கக் குழந்தைகளுக்குப் பரிசு கொண்டுவரும் தாத்தாவும் இவரே. அதனால் பரிசும் புத்தாண்டுக்குத்தான்.

கேள்வி: உள்ளே காசு வைப்பது எதற்கு, அக்கா?

கடுமையான வரி கேட்டார்கள் என்று ஊர்மக்கள் நகைநட்டை எல்லாம் கொண்டுவந்து ஆயரிடம் கொடுத்தார்களாம். வரி கேட்டவர் மனம் மாறி வாங்காமலே போய்விட்டார். எது யாருடையது என்று தெரியவில்லை. பசிலியார் அவற்றை ரொட்டிகளுக்குள் வைத்துச் சுட்டுப் பங்கிட, அவரவர் நகை அவரவருக்கே கிடைத்ததாம். வழிவழியாக வரும் கதை இது. இன்று காசு கிடைத்தவருக்கு அந்த ஆண்டு முழுவதும் அதிர்ஷ்டம் என்பார்கள்.

கேள்வி: சரியான அளவு சொல்லுங்கள். என் கேக் எப்போதும் அடைபோல் இறுகிவிடுகிறது.

28 செ.மீ. வட்ட டின்னுக்கு வெண்ணெய் 250 கிராம், சர்க்கரை 300 கிராம், முட்டை 5, மைதா 500 கிராம், பேக்கிங் பவுடர் 4 டீஸ்பூன், கெட்டித் தயிர் 200 கிராம், ஆரஞ்சுச் சாறு 100 மி.லி., இரண்டு ஆரஞ்சின் தோல் துருவல்.

இறுகுவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்: குளிர்ந்த வெண்ணெய், மைதா சேர்த்தபின் அதிகம் அடிப்பது. முட்டையையும் வெண்ணெயையும் முன்கூட்டியே வெளியே எடுத்து வையுங்கள். துருவலைச் சர்க்கரையோடு விரலால் கசக்குங்கள். சர்க்கரை ஈரமாகி, மஞ்சளாகி, வாசனை தூக்கும். தோலின் வெள்ளைப் பகுதி மட்டும் வந்துவிடக் கூடாது, கசக்கும். வெண்ணெயும் சர்க்கரையும் வெளுத்து நுரைக்கும் வரை அடித்து, முட்டையை ஒவ்வொன்றாகச் சேருங்கள். தயிர், சாறு, மைதாவைக் கரண்டியால் மெல்லக் கலந்தால் போதும். 170 டிகிரியில் 55 நிமிடம் கழித்துக் குச்சியால் குத்திப் பாருங்கள். நன்றாக ஆறியபின் ஐசிங் சர்க்கரை தூவி, ஆண்டு எண்ணைக் காகிதத்தில் வெட்டி வைத்து அச்சிடலாம். சுடும் முன் தோலுரித்த பாதாமால் எண்ணைப் பதிப்பவர்களும் உண்டு.

கேள்வி: ஈஸ்ட் போட்டுச் செய்வதும் இதுதானா?

ஆமாம். கான்ஸ்டான்டிநோபிள் (இன்றைய இஸ்தான்புல்) கிரேக்கர்கள் வழி வந்தது அது. இனிப்பு ரொட்டி போல, கியோஸ் தீவின் மஸ்திகா பிசின், காட்டுச் செர்ரிக் கொட்டையின் பருப்பான மஹ்லெபி, ஏலக்காய் எல்லாம் போடுவார்கள். வட கிரேக்கத்தில் சீஸ், வெங்காயத்தாள் போன்ற லீக்ஸ், இறைச்சி உள்ளே வைத்துச் சுடும் உப்புப் பிட்டாவிலும் காசு ஒளிந்திருக்கும்.

கேள்வி: முட்டை இல்லாமல் முடியுமா?

இதில் முட்டையை எடுக்காதீர்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பு முடிந்து வரும் கேக் என்பதால்தான் வெண்ணெயும் முட்டையும் இவ்வளவு தாராளம். முட்டையில்லாமல் வேண்டுமானால் ஃபனூரோபிட்டா செய்யுங்கள். ஆலிவ் எண்ணெயும் ஆரஞ்சுச் சாறும் சேர்த்த நோன்புக் கேக் அது. தொலைந்த பொருள் கிடைக்கப் புனித ஃபனூரியோஸை வேண்டிச் செய்வது. அவர் திருநாள் ஆகஸ்ட் 27.

கேள்வி: சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். காசு பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானதே. பெரிய காசாக எடுத்துக் கொதிக்கும் நீரில் போட்டு, ஃபாயிலில் சுற்றி, கேக் ஆறியபின் அடியில் கீறிச் செருகுங்கள். வெட்டும் முன் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். மிகச் சின்னப் பிள்ளையின் துண்டை நீங்களே பிய்த்துப் பார்த்துக் கொடுங்கள்.

கேள்வி: வெட்டும் முறை என்ன? யார் வெட்ட வேண்டும்?

வீட்டுப் பெரியவர். கத்தியால் மேலே மூன்று முறை சிலுவை வரைந்துவிட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் பெயர் சொல்லி வெட்டுவார். முதல் துண்டு கிறிஸ்துவுக்கு, அப்புறம் அன்னை மரியாவுக்கு, பசிலியாருக்கு, வீட்டுக்கு. பிறகு மூத்தவரிலிருந்து இளையவர் வரை. வெளியூரில் இருப்பவருக்கும், ஏழைக்கும் ஒரு துண்டு எடுத்து வைக்கும் வீடுகள் பல. வரிசை வீட்டுக்கு வீடு கொஞ்சம் மாறும். கேக் நன்றாக வராவிட்டால்கூடப் பரவாயில்லை, பெயர் சொல்வதை மட்டும் விடாதீர்கள் என்பேன். கடல் கடந்து வேலைக்குப் போன மகனின் பெயரும் அந்த மேசையில் ஒலிக்கிறதே!

கேள்வி: காசு இரண்டு துண்டுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால்?

எந்தப் பக்கம் அதிகம் இருக்கிறதோ அவருக்கு. வீட்டுத் துண்டில் வந்தால் எல்லோருக்கும் பொது.

கேள்வி: புத்தாண்டு அன்று ஊரில் இருக்க மாட்டேன். ஜனவரி நடுவில் வெட்டலாமா?

தாராளமாக. அலுவலகம், பள்ளி, சங்கம் என்று கிரீஸில் ஜனவரி முழுக்க வெட்டுகிறார்கள், சில இடங்களில் பிப்ரவரியிலும்.