குள்ளமான ஒருவர் வாலிபாலில் உலகத்தரத்தை எட்ட முடியுமா?

முடியும். ஜப்பானின் யோஷியே தகேஷிதாவைப் பாருங்கள். உயரம் 159 செ.மீ.; பெண்கள் வாலிபால் வலையோ 224 செ.மீ.!

1978-இல் ஃபுகுவோகா மாநிலத்தின் கிதக்யூஷூவில் பிறந்தவர். அணியில் அவர் செட்டர், அதாவது அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவர். செட்டரும் இடம் மாறும் சுழற்சியில் முன்வரிசைக்கு வந்து பிளாக் செய்தாக வேண்டும், அதாவது வலையருகே குதித்து எதிரணியின் அடியைக் கைகளால் தடுக்க வேண்டும். அங்கேதான் எதிரணிகள் அவர் தலைக்கு மேலாக அடித்தன. 2000 சிட்னி ஒலிம்பிக்குக்கு ஜப்பான் பெண்கள் முதன்முறையாகத் தகுதி பெறத் தவறியபோது பழி அவர் உயரத்தின் மேல் விழுந்தது. எத்தனை அநியாயம்! மனம் நொந்து 2002-இல் ஆட்டத்தையே விட்டார்.

ஆனால் அதே ஆண்டு ஜேடி மார்வெலஸ் அணி அழைக்க, திரும்பி வந்தார். பந்தை வேகமாகவும் துல்லியமாகவும் தள்ளி, எதிரணியின் பிளாக் எழும்புமுன் அடிக்கவைப்பதே அவர் பாணி. 2006 உலக சாம்பியன்ஷிப்பில் ஜப்பானுக்குக் கிடைத்தது ஆறாம் இடம்தான். ஆனாலும் தொடரின் சிறந்த வீராங்கனை அவரே. என் கணக்கில் பதக்கத்தைவிடப் பெரிய அங்கீகாரம் அது.

2012 லண்டன் ஒலிம்பிக்கில் விரல் எலும்பு முறிந்த நிலையிலேயே ஆடினார். வெண்கலப் போட்டியில் தென்கொரியாவை 3-0 என வீழ்த்தி, 28 ஆண்டுகளுக்குப் பின் ஜப்பான் பெண்கள் பதக்கம் வென்றார்கள். பிறகு ஹிமேஜி அணிக்குப் பயிற்சியாளரானார்.