கெடுப்பது மெஷினா, மனுசனா?

கேள்வி: செயற்கை நுண்ணறிவு பற்றிப் பேச்சு வந்தாலே, 'கருவி மேல் தப்பில்லை, கையாளுகிறவன் மேல்தான் தப்பு' என்கிறார்கள். நாளைய உலகம் நரகமானால் அது தொழில்நுட்பத்தாலா, அதைத் தப்பாகப் பயன்படுத்துவதாலா?
- வாசகர், பல்லடம்

பதில்: செயற்கை நுண்ணறிவின் கணக்கு இன்னும் முடியவில்லை. ஏறக்குறைய முடிந்த கணக்கு ஒன்று நம் தோட்டத்திலேயே இருக்கிறது: போர்வெல்.

கொங்கு நாட்டின் அடியில் பெரும்பாலும் கடினப் பாறை. மேலே உக்கிப்போன பாறையிலும் கீழே வெடிப்புகளிலும்தான் தண்ணீர் நிற்கும். மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலை ஓட்டிய காலத்தில் கிணற்று மட்டம் இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தது. மாடு களைத்தால் இறைப்பும் நின்றது. திருச்செங்கோட்டு ரிக் வண்டியோ ஒரே நாளில் பல நூறு அடி துளைத்துவிடுகிறது. ஆறரை அங்குலத் துளைக்குள் எட்டிப் பார்த்தால் இருட்டுதான். விவசாய மின்சாரம் இலவசம், பெரும்பாலான பம்புசெட்டுக்கு மீட்டரும் கிடையாது. எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு எடுத்தோம் என்று யாருக்கும் தெரியாது. இதில் பேராசைக்காரரைத் தேட வேண்டியதே இல்லை.

ஸ்டார்ட்டர் பெட்டியில் இருக்கும் 'ஆட்டோ' சுவிட்சைப் பாருங்கள். ராத்திரி மும்முனை மின்சாரம் வந்ததும் மோட்டார் தானே ஓடும், தூக்கம் கெடாது. நல்ல வசதிதான். ஆனால் அந்த லைனில் உள்ள மோட்டார் எல்லாம் ஒரே நொடியில் கிளம்பும். கிளம்பும்போது மோட்டார் வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும் என்பதால் வோல்டேஜ் படுத்துவிடும், டிரான்ஸ்ஃபார்மரில் பியூஸ் போகும். இதில் தப்பாகப் பயன்படுத்தியவர் யார்? ஒருவரும் இல்லை. எல்லையைக் காட்டாத கருவியை எல்லோரும் ஒழுங்காகப் பயன்படுத்தினாலும் கெடுதல் வரும். ஆகவே கருவியையே குறை சொல்வேன், அழிக்கச் சொல்ல அல்ல, திருத்தச் சொல்ல.

கேள்வி: போர்வெல்லில் தண்ணீர் மட்டத்தை நாங்களே அளக்க முடியுமா?
- வாசகி, காங்கயம்

பதில்: தாராளமாக. மோட்டார் இறக்கும்போதே பைப்போடு சேர்த்து முக்கால் அங்குல பிவிசி குழாய் ஒன்றைக் கட்டி, மோட்டாருக்குச் சற்று மேல்வரை விடுங்கள். குழாய் இல்லாமல் ஒயரை விட்டால் கேபிளில் சுற்றிக்கொள்ளும். அப்புறம் மோட்டாரையே தூக்க வேண்டியதுதான். இரட்டை ஒயரில் 10 அடிக்கு ஒரு குறி போட்டு, நுனிகளை ஒன்றோடொன்று தொடாதபடி உரித்துவிட்டு, மேல்முனையை மல்ட்டிமீட்டரில் மாட்டுங்கள். நுனி தண்ணீரைத் தொட்டதும் முள் அசையும்.

மோட்டார் போடும் முன் காலையில் ஒருமுறை, ஒரு மணி நேரம் ஓடியபின் ஒருமுறை அளந்து எழுதுங்கள். காலை மட்டமே மாதாமாதம் இறங்கினால் ஊரின் தண்ணீரே குறைகிறது. காலை மட்டம் மாறாமல், ஓடும்போது மட்டும் முன்னைவிடச் சட்டென்று இறங்கினால் வெடிப்புகள் அடைத்திருக்கலாம், அல்லது புதிதாகப் போட்ட மோட்டார் ஊற்றுக்குப் பெரிது. எவ்வளவு தண்ணீர் வருகிறது என்றும் பாருங்கள்: 200 லிட்டர் டிரம் நிறைய 100 விநாடி ஆனால் மணிக்கு 7,200 லிட்டர்.

கூடவே, தண்ணீர் வற்றினால் மோட்டாரைத் தானே நிறுத்தும் டிரை ரன் ரிலே மாட்டுங்கள். தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் சப்மெர்சிபிள் மோட்டாரைக் குளிர்விப்பதே அதைச் சுற்றி ஓடும் தண்ணீர்தான். வற்றி ஓடினால் புஷ், பேரிங், காயில் என்று எல்லாம் போகும். மறுபடி கிளம்பும் நேரத்தை ஐந்து பத்து நிமிடமாக வைத்தால் விடியவிடிய ஓடி ஓடி நிற்கும். ஊற்று தேறும் அளவுக்கு இடைவெளி வையுங்கள்.

கேள்வி: வற்றிய போரை மூட்டை போட்டு மூடினால் போதாதா?
- வாசகர், ஊத்துக்குளி

பதில்: போதாது. 2010-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த வழிகாட்டுதல்படி கைவிட்ட போரை அடியிலிருந்து தரைமட்டம்வரை களிமண், மணல், கல் கொண்டு நிரப்ப வேண்டும். விலைக்குப் போகுமென்று, வாய்ப்பகுதி மண்ணைத் தாங்கும் கேசிங் பைப்பை உருவிவிட்டு அப்படியே விட்டால் வாய்ப்பகுதி மண் சரிந்து குழி அகலும். உருவுகிற அன்றே நிரப்பிவிடுங்கள்.