ஜெனீவாவின் கையா, டெல்லியின் கையெழுத்தா?

கேள்வி: மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த நாடாளுமன்றம் இருக்கும்போது, ஐ.நா. அவையில் எழுதப்பட்ட மனித உரிமைச் சட்டங்கள் நம் நாட்டு அரசியலில் மூக்கை நுழைப்பது முறையா? அப்படியே நுழைந்தாலும் மனித உரிமை ஆணையங்கள் வெறும் பரிந்துரைதானே செய்கின்றன, அதனால் யாருக்கு என்ன பயன்?
- ஒரு வாசகர், தக்கலை

பதில்: ஒரே மூச்சில் இரண்டு குற்றச்சாட்டுகளை வைத்திருக்கிறீர்கள். அந்தச் சட்டத்துக்கு அதிகாரம் மிகுதி என்பது ஒன்று. அதிகாரமே இல்லை என்பது மற்றொன்று. இவற்றுள் முதலாவது தவறு. இரண்டாவதில் பாதி உண்மை உண்டு.

குடிமை மற்றும் அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கை 1966-இல் உருவானது. இந்தியா அதில் இணைந்தது 1979 ஏப்ரல் 10 அன்று, மொரார்ஜி தேசாய் பிரதமராக இருந்தபோது. நெருக்கடி நிலையின்போது உயிர்வாழும் உரிமைக்காகக்கூட ஒருவர் நீதிமன்றத்தை அணுக முடியாது என்று 1976-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும், நீதிபதி எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டுமே அதில் மாறுபட்டு நின்றதும் அப்போது எவருக்கும் மறந்திருக்கவில்லை. அதே ஆட்சிக்காலத்தில்தான், எந்த நெருக்கடியிலும் குற்ற வழக்கில் பாதுகாப்பும் உயிர்வாழும் உரிமையும் தரும் அரசமைப்பின் 20, 21 ஆகிய பிரிவுகளை முடக்க முடியாது என்று 44-ஆவது திருத்தத்தின் வழியே நாடாளுமன்றம் விதித்தது. ஆக, அரசின் கைக்கு ஓர் எல்லை வேண்டும் என்று முடிவுசெய்தவர்கள் நீங்கள் சொல்லும் அந்த வாக்குப்பெட்டியிலிருந்து வந்தவர்களே. கையெழுத்திட்டுவிட்டு, அதை ஒருவர் நினைவூட்டும்போது மட்டும் இறையாண்மை நினைவுக்கு வருவது எல்லாக் கட்சி அரசுகளுக்கும் உள்ள பழக்கம்.

பன்னாட்டு உடன்படிக்கை எதுவும் தானாக இந்தியச் சட்டம் ஆகிவிடுவதில்லை. அதை நிறைவேற்றச் சட்டம் இயற்றும் அதிகாரத்தை அரசமைப்பின் 253-ஆவது பிரிவு நாடாளுமன்றத்துக்கே தந்திருக்கிறது. நீதிமன்றம் செய்யக்கூடியது, உள்நாட்டுச் சட்டத்தில் இரு பொருள்களுக்கு இடமிருந்தால் உடன்படிக்கையோடு ஒத்துப்போகும் பொருளைத் தேர்வதுதான். 1980-இல் கேரளத்தைச் சேர்ந்த ஒரு கடன் வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இதைத் தெளிவாக்கினார். உடன்படிக்கை நேரடியாக நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது என்று ஒப்புக்கொண்ட அவரே, கடனைத் திருப்பிக் கட்ட வழியில்லாதவரை வறுமை ஒன்றையே காரணமாக்கிச் சிறைக்கு அனுப்பக் கூடாது என்றும், வசதி இருந்தும் ஏய்ப்பவர்தான் கடனாளியைச் சிறைக்கு அனுப்பும் சட்டப் பிரிவுக்கு உரியவர் என்றும் விளக்கினார். வட்டிக்கு வாங்கிப் படகும் வலையும் வாங்கிய ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள், இதை அந்நியத் தலையீடு என்பாரா என்று.

உங்கள் ஐயத்துக்கு நேர்மையான வடிவம் ஒன்று உண்டு. அது ஐ.நா. மனித உரிமை அமைப்புகள் இயங்கும் ஜெனீவாவைப் பற்றியதன்று, நம் நீதிபதிகளைப் பற்றியது. விசாகா வழக்கில் 1997-இல், பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க, பெண்களுக்கெதிரான பாகுபாட்டை ஒழிக்கும் உடன்படிக்கையைத் துணைக்கொண்டு உச்ச நீதிமன்றமே வழிகாட்டு நெறிகளை வகுத்தது. சட்டமியற்றுவது நீதிமன்றத்தின் வேலையா என்று அன்று கேட்டிருந்தால் அது பொருளுள்ள கேள்வி. ஆனால் நாடாளுமன்றம் அதற்குரிய சட்டத்தை 2013-இல்தான் கொண்டுவந்தது. அந்தப் பதினாறு ஆண்டுகளும் பெண்கள் எதை நம்பி வேலைக்குப் போயிருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையின் கதை இதற்கு நேர்மாறானது. இந்தியா அதில் 1997 அக்டோபரில் கையெழுத்திட்டது. அதற்குக் கட்டுப்படுவதாக உறுதிசெய்யும் ஏற்புறுதியை இன்றுவரை அளிக்கவில்லை. 2010-இல் மக்களவை நிறைவேற்றிய சித்திரவதைத் தடுப்பு மசோதா மாநிலங்களவையின் தெரிவுக் குழுவுக்குப் போய்ப் பின்னர் காலாவதியானது. 2017-இல் சட்ட ஆணையம் தன் 273-ஆவது அறிக்கையில் ஏற்புறுதி அளிக்கச் சொல்லி, வரைவுச் சட்டத்தையும் இணைத்துக் கொடுத்தது. சட்டம் இயற்றும்படி நாடாளுமன்றத்துக்குத் தான் ஆணையிட முடியாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் விலகிக்கொண்டது. மறு ஆண்டு, நம் மாவட்டத்துக்குப் பக்கத்திலேயே, சாத்தான்குளத்தில் காவல்துறை பிடித்துச் சென்ற தந்தையும் மகனும் உயிரிழந்தார்கள். வெளிநாட்டுச் சட்டம் நம்மை ஆள்கிறது என்று அஞ்சுபவர் இந்த வரிசையை ஒருமுறை படிக்கட்டும்.

இந்த மண்ணுக்கு இந்த வாதம் புதிதுமன்று. கல்குளத்திலும் விளவங்கோட்டிலும் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமை கேட்டபோது, ஊர் வழக்கத்தில் வெளியார் தலையிடக் கூடாது என்றுதான் திருவிதாங்கூரில் சொல்லப்பட்டது. பெண்களின் பல்லாண்டுப் போராட்டத்தோடு, சென்னை ஆளுநர் டிரெவெல்யானின் நெருக்குதலும் சேர்ந்த பிறகே 1859 ஜூலை 26 அன்று மன்னரின் அறிவிப்பு வந்தது. அப்போதும் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்று ஒரு வால் ஒட்டப்பட்டிருந்தது. அரசுகள் உரிமையை வழங்கும் முறை அப்படி.

மறுபுறத்தையும் பாருங்கள். தூத்தூர், வள்ளவிளை மீனவர்கள் ஆழ்கடலில் நெடுந்தூரம் சென்று, வேறு நாட்டுக் கடற்படையிடம் சிக்கினால், தூதரக அதிகாரி அவர்களைப் பார்க்க வேண்டும், மொழி தெரிந்தவர் வேண்டும், நியாயமான விசாரணை வேண்டும் என்றுதான் இங்கே கரையில் உண்ணாவிரதம் இருக்கிறோம். அந்தக் கோரிக்கைகளுக்கு அடிப்படை பன்னாட்டு உடன்படிக்கைகளே. பாகிஸ்தான் சிறையில் அடைத்த இந்தியரான குல்பூஷண் ஜாதவுக்குத் தூதரக அணுகல் மறுக்கப்பட்டதை எதிர்த்து இந்திய அரசே ஹேக் நகரில் உள்ள பன்னாட்டு நீதிமன்றத்துக்குப் போய், 2019 ஜூலையில் சாதகமான தீர்ப்பும் பெற்றது. அடுத்தவர் சிறையில் இருக்கும் நம்மவருக்கு வேண்டும் என்று கேட்பதை, நம் சிறையில் இருப்பவருக்கு வேண்டாம் என்று சொல்ல முடியாது.

இனி, பரிந்துரை. 1993-ஆம் ஆண்டின் மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் பரிந்துரை என்றே சொல்கிறது. பல ஆண்டுகள் அரசுத் துறைகள் அந்தச் சொல்லின் நிழலில் சுகமாக இருந்தன என்பதும் உண்மை. ஆனால் 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு, மனித உரிமை ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்றும், உடன்பாடு இல்லையென்றால் நீதிமன்றத்தில்தான் அதை எதிர்க்க வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. இதை அறியாமல் "பரிந்துரைதானே" என்று யாராவது உங்களை மனு எழுதவிடாமல் திருப்பி அனுப்பினால் நம்பாதீர்கள். சம்பவம் நடந்து ஓராண்டு கடந்துவிட்டால் அதே சட்டத்தின் 36-ஆவது பிரிவின்படி ஆணையம் விசாரிக்க முடியாது. தள்ளிப்போடச் சொல்பவர்கள் பலருக்கு அந்தப் பிரிவு நன்றாகத் தெரியும்.